மூளைக் காய்ச்சலா, மூளை அழற்சியா?

சென்ற மழைக்காலத்தின் இறுதியில், நாம் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில், ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்து நாளாக ஜுரம். ஆறாம் நாள் காலையில் பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் விழித்ததாம். சிறிது நேரத்துக்கெல்லாம் வலிப்பும் கண்டுவிட்டது. "மூளைக் காய்ச்சலாம்!" என்ற செய்தி, பால் வாங்கப் போன இடத்தில் கிளம்பி, பத்து மணிக்குள் நான்கு தெருக்களையும் சுற்றி வந்துவிட்டது. வியாதி பரவக் கூடியதோ அல்லவோ, வியாதியின் பெயர் பரவக் கூடியது என்பதில் சந்தேகமேயில்லை.

அன்று மாலை அந்தத் தெருவில் குழந்தைகள் விளையாடவில்லை. அந்த வீட்டைக் கடந்து போக வேண்டியவர்கள் எதிர்ச்சாரியில் ஒதுங்கிப் போனார்கள். "பிழைத்தாலும் புத்தி நேராக இராதே!" என்று இரங்கினாள் ஒரு பாட்டியம்மாள். "அந்தக் காலத்தில் ஜன்னி என்பார்களே, அதைத்தான் இப்போது இப்படிச் சொல்கிறார்கள்" என்று விளக்கினார் இன்னொரு பெரியவர். ஆஸ்பத்திரிச் சீட்டில் இந்த இரண்டு பெயரும் இல்லை. 'என்ஸெபலைட்டிஸ்' என்றும் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தது. அந்தக் கேள்விக்குறியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நமது அபிப்பிராயத்தில் அந்தச் சீட்டிலேயே மிகவும் முக்கியமான எழுத்து அதுதான்.

இத்தகைய செய்தி காதில் விழுந்ததும் எந்தக் குடும்பஸ்தரும் கேட்கும் கேள்விகள் மூன்று. தொத்துமா? பிழைக்குமா? மருந்து உண்டா? 'மூளைக் காய்ச்சல்' என்ற பெயர் இம்மூன்றில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. காரணம், அந்த ஒரு பெயருக்குள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு வியாதிகள் குடியிருக்கின்றன. ஒன்று தொத்தும், மற்றொன்று தொத்தவே தொத்தாது. ஒன்றுக்கு மலிவான மாத்திரையே போதும். மற்றொன்றுக்கு மருந்தே கிடையாது. ஒன்றில் மூளை கொதிக்கிறது; வேறொன்றில் மூளை பட்டினி கிடக்கிறது. பெயர் மாறிப் போனதால் உயிர் போன கதையும் நமது தேசத்திலேயே நடந்திருக்கிறது. அதைச் சொல்லுமுன் இந்தப் பெயரின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

* * *

'என்கெபாலோஸ்' என்பது கிரேக்கச் சொல். 'தலைக்குள் இருப்பது' என்று அர்த்தம். மூளைக்கு அவர்கள் வைத்த பெயர் அவ்வளவுதான்; பெட்டிக்குள் இருப்பதைப் 'பெட்டிக்குள் இருப்பது' என்று சொல்வதைப் போல. இதன் வாலில் ஒட்டியிருக்கும் 'இட்டிஸ்' என்ற விகுதிக்கு ஆதியில் 'அதைச் சேர்ந்தது' என்றுதான் பொருள். 'நோய்' என்ற சொல்லோடு சேர்த்து, 'மூளையைச் சேர்ந்த நோய்', 'மூட்டைச் சேர்ந்த நோய்' என்றெல்லாம் வழங்கினார்கள். நாளடைவில் 'நோய்' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. விகுதி மட்டும் நின்றது. பிற்கால ஐரோப்பிய வைத்தியர்கள் அந்த விகுதிக்கு ஒரு தனி வேலையைக் கொடுத்து, ஓர் உறுப்பு அழன்றிருந்தால் மட்டுமே அதைப் போடுவது என்று வரையறுத்தார்கள். மூட்டு அழன்றால் ஆர்த்ரைட்டிஸ். தொண்டைச் சதை அழன்றால் டான்ஸிலைட்டிஸ். மூளை அழன்றால் என்ஸெபலைட்டிஸ்.

அழலுவது என்றால் என்ன? லத்தீன் பாஷையில் இதற்கு ஏற்பட்ட சொல் தீச்சுவாலை என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் அழல் என்றாலும் தீதான். இரண்டு பாஷைக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே ஒரே உவமையைப் பிடித்திருக்கிறார்கள். காரணம் வெளிப்படை. கி. பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த செல்ஸஸ் என்ற நூலாசிரியர் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் சொல்லிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. விரலில் முள் தைத்த எந்தக் குழந்தைக்கும் இந்த நான்கும் தெரியும்.

உண்மையில் அழற்சி என்பது நோயல்ல. நோயை எதிர்த்து உடம்பு நடத்தும் யுத்தம். பகைவன் நுழைந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் அகன்று கொடுக்கின்றன, வெள்ளணுக்கள் வெளியே வந்து சூழ்கின்றன, நீர் கசிகிறது. விரலானால் வீங்கிவிட்டுப் போகட்டும், வெளியில் இடம் இருக்கிறது. மூளை இருப்பதோ மூடிய எலும்புப் பேழையில். வாய் இறுக்கிய பானைக்குள் பொங்கும் சோறு எங்கே போகும்? வெளியே போக வழியில்லாத வீக்கம் உள்ளேயே மூளையை நெருக்குகிறது. இதில் ஒரு விந்தையும் உண்டு. உடம்பெங்கும் உண்டாகும் வலியை அறிகிற மூளைத் திசுவுக்குத் தன் வலி தெரியாது. ஆகவே செல்ஸஸ் சொன்ன அடையாளங்களில் ஒன்றையும் மூளை அழற்சியில் நாம் நேரே பார்க்க முடிவதில்லை. சிவப்புக்குப் பதில் பிதற்றலையும், வீக்கத்துக்குப் பதில் வலிப்பையும்தான் பார்க்கிறோம்.

நம் முன்னோர் பார்த்ததும் அதைத்தான். வாத பித்த கபம் மூன்றும் ஒருங்கே சீற்றங்கொண்டால் வருவது சன்னிபாதம் என்று வைத்திய நூல்கள் கூறின. அது பேச்சு வழக்கில் 'ஜன்னி' ஆயிற்று. மண்டையைத் திறந்து பார்த்து வைத்த பெயரல்ல அது. கட்டிலருகே உட்கார்ந்து பார்த்து வைத்த பெயர். அதனாலேயே அது எல்லாவற்றுக்கும் பொருந்திவிட்டது. புண் வழியாக விஷக்கிருமி ஏறி உடம்பு வில்லாய் வளைந்தால் ரண ஜன்னி; பிள்ளை பெற்றவளுக்கு வந்தால் பிரசவ ஜன்னி; டைபாய்டு முற்றிப் பிதற்றினாலும் ஜன்னி. இந்தச் சொல்லை நாம் பரிகசிக்கவில்லை. தனக்குத் தெரிந்ததற்கு மேல் அது எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த அடக்கம் பிற்காலத்துப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

'மூளைக் காய்ச்சல்' என்பதோ 'பிரெயின் ஃபீவர்' என்ற இங்கிலீஷ் வழக்கின் நேர் மொழிபெயர்ப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலீஷ் கதைகளில் கதாபாத்திரங்களுக்கு மன அதிர்ச்சி ஏற்பட்டால் உடனே இந்த வியாதி வந்துவிடும். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளிலும் இப்படிப் படுத்தவர்கள் உண்டு. வாரக் கணக்கில் பிதற்றிவிட்டு, கதை முடிவதற்குள் எழுந்துவிடுவார்கள். அக்காலத்தில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இந்தப் பெயரை ஒரு பறவைக்கும் சூட்டினார்கள். குயில் இனத்தைச் சேர்ந்த அந்தப் பறவை, கோடையில், படிப்படியாகச் சுருதியை ஏற்றிக்கொண்டு, மூன்று அசையில் திரும்பத் திரும்பக் கூவும். வட நாட்டார் காதில் அது "என் காதலன் எங்கே?" என்று கேட்டது. மகாராஷ்டிரக் குடியானவர் காதில் "மழை வருகிறது" என்று கேட்டது. பங்களாவில் வேர்த்து விறுவிறுத்து, தூக்கமின்றிப் புரண்ட துரைமார் காதில் மாத்திரம் "பிரெயின் ஃபீவர்!" என்று கேட்டது. பாவம், அவரவர் கவலை அவரவருக்கு.

* * *

இனிக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மூளையைச் சுற்றி மூன்று மெல்லிய உறைகள் இருக்கின்றன. அந்த உறைகள் அழன்றால் அது 'மெனிஞ்ஜைட்டிஸ்', உறை அழற்சி. மூளையின் திசுவே அழன்றால் அது 'என்ஸெபலைட்டிஸ்', மூளை அழற்சி. தலையணைக்கு உறை நனைவது வேறு, பஞ்சு நனைவது வேறு அல்லவா? சில சமயம் இரண்டுமே நனைகின்றன என்பது மெய். ஆயினும் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதில் பிரயோஜனம் உண்டு.

உறை அழற்சியில் தலைவலி மண்டையைப் பிளக்கும், கழுத்து விறைக்கும், வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசும். இதைப் பாக்டீரியாக் கிருமிகள் உண்டாக்கினால் நிலைமை மிக அபாயகரமானது. ஆனால் காலத்தில் கொடுத்தால் வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. இவற்றில் மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமியால் வருவது, நெருங்கிப் பழகுவோருக்கு மூச்சு வழியாகவும் எச்சில் வழியாகவும் தொத்தக் கூடியது. ஆகவே அந்த வீட்டாருக்கு டாக்டர்கள் முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள்.

மூளை அழற்சியில் முதலில் கெடுவது அறிவு நிலை. ஆளைத் தெரியாது, பேச்சுக் குழறும், நடத்தை மாறும், வலிப்பு வரும், அல்லது எழுப்ப முடியாத தூக்கத்தில் ஆழ்ந்துவிடும். இது பெரும்பாலும் வைரஸ்களின் வேலை. இவற்றில் பலவற்றுக்குத் தனி மருந்து கிடையாது. ஒன்றுக்கு உண்டு. உதட்டோரத்தில் கொப்புளம் உண்டாக்குகிறதே ஹெர்ப்பிஸ் என்ற வைரஸ், அதுவே எப்போதேனும் மூளைக்குள் புகுந்துவிடுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் அப்படிப் பீடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் இறந்துவிடுவார்கள். 1980-களில் அஸைக்ளோவிர் என்ற மருந்து வந்தபின் அந்த எண்ணிக்கை வெகுவாய்க் குறைந்துவிட்டது. ஆனால் மருந்து மணிக்கணக்கில் உள்ளே போக வேண்டும், நாட்கணக்கில் அல்ல. அதனால்தான் பரிசோதனையின் முடிவு வரும்வரை காத்திராமல், சந்தேகம் தோன்றியவுடனேயே டாக்டர்கள் அதை ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். சீட்டிலே கேள்விக்குறி இருக்கும்போதே இன்னின்ன மருந்து ஏன் ஏற்றுகிறார்கள் என்று வீட்டார் சந்தேகிப்பதுண்டு. கேள்விக்குறி இருப்பதனாலேயேதான் ஏற்றுகிறார்கள்.

நமது நாட்டில் அதிகமாய்ப் பேசப்படும் மூளை அழற்சி 'ஜப்பானிய' என்ற அடைமொழியோடு வருவது. அந்தப் பெயருக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1917-ம் வருஷம் வியன்னா நகரில் கான்ஸ்டன்டீன் வான் எக்கோனொமோ என்ற டாக்டர் விசித்திரமான மூளை அழற்சி ஒன்றை வர்ணித்தார். நோயாளிகள் வாரக் கணக்கில் உறங்கினார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பிற்பாடு சிலை போல விறைத்துப் போனார்கள். உலகத்தின் பல பாகங்களில் பரவிய அந்த வியாதி சில வருஷங்களில் தானே மறைந்தது; அதன் காரணம் இன்று வரை தீரவில்லை. 1924-ல் ஜப்பானில் வேறொரு மூளை அழற்சி கொள்ளை நோயாய்க் கிளம்பியபோது, எக்கோனொமோவின் வியாதியை 'ஏ' ரகம் என்றும், தங்களுடையதை 'பி' ரகம் என்றும் ஜப்பானிய வைத்தியர்கள் பிரித்தார்கள். 1935-ல் டோக்கியோவில் இறந்துபோன ஒருவரின் மூளையிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு 'ஏ' மறைந்தது. 'பி'யும் பெயரிலிருந்து உதிர்ந்தது. 'ஜப்பானிய' மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தியாவில் இந்த வியாதி முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட இடம் எது என்று நேயர்கள் நினைக்கிறீர்கள்? நமது வேலூர்தான், 1955-ம் வருஷம், அன்றைய வட ஆற்காடு ஜில்லாவில். ஆற்காட்டுக் கொசு கடித்து, ஆற்காட்டுக் குழந்தைக்கு வந்ததை ஜப்பானியக் காய்ச்சல் என்று அழைப்பதில் வேடிக்கை இல்லாமலில்லை. நீர் தேங்கிய நெல் வயல்களில் க்யூலெக்ஸ் இனக் கொசு பெருகுகிறது. வைரஸ் குடியிருப்பது கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிடம், பெருகுவது பன்றிகளிடம். கொசு அதைப் பன்றியிடமிருந்து எடுத்து மனிதனிடம் சேர்க்கிறது. மனிதனோடு அதன் யாத்திரை முடிந்துவிடுகிறது. மனிதன் ரத்தத்தில் அது மற்றொரு கொசுவுக்குப் போதுமான அளவு பெருகுவதில்லை. மூச்சிலோ தொடுதலிலோ அது பரவுவதுமில்லை. எதிர்ச்சாரியில் ஒதுங்கிப் போனவர்கள் இதைத் தெரிந்துகொண்டிருந்தால் வீணே நடந்திருக்க மாட்டார்கள்.

தொற்றியவர்களில் சுமார் 250 பேருக்கு ஒருவரே கடுமையாய்ப் பீடிக்கப்படுகிறார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஆனால் அந்த ஒருவரின் கதி பரிதாபமானது. கடுமையாய்ப் பீடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்குக் கை கால்களிலோ, பேச்சிலோ, புத்தியிலோ நிரந்தரமான ஊனம் தங்கிவிடுகிறது. பாட்டியம்மாள் சொன்னது இந்த ஒரு வியாதியைப் பொறுத்தவரை முழுப் பொய்யல்ல.

* * *

2005-ம் வருஷம் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில், கோரக்பூரைச் சுற்றிலும், 5,000-க்கு மேற்பட்டவர்களை இந்நோய் பீடித்தது. 1,300-க்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். மறு வருஷமே சர்க்கார் பெரிய அளவில் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். ஜப்பானிய வைரஸால் வருவது குறைந்தது. ஆனால் ஜுரமும் பிதற்றலும் வலிப்புமாய்க் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வருவது நிற்கவில்லை.

இந்தச் சமயத்தில் ஒரு புதிய பெயர் உபயோகத்துக்கு வந்தது. திடீரென்று ஜுரமும், அதோடு அறிவு மயக்கமோ வலிப்போ கண்டால், காரணம் எதுவாயினும் அதை 'கடும் மூளை அழற்சித் தொகுதி' என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்று வகுத்தார்கள். யாரையும் தவறவிடாமல் கணக்கெடுப்பதற்கு ஏற்பட்ட வலை இது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் வலைக்கு வைத்த பெயரிலேயே 'அழற்சி' என்று சேர்த்துவிட்டார்கள். வலையில் விழுந்ததெல்லாம் அழற்சியே என்ற எண்ணம் தானாகவே வந்துவிட்டது. அழற்சி என்றால் வைரஸ். வைரஸ் என்றால் மருந்தில்லை. இந்த மூன்று படிகளையும் மனம் ஒரே தாவலில் இறங்கிவிடும்.

சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோய் இயல் நிலையத்தார் முதலானோர் கோரக்பூர்க் குழந்தைகளின் ரத்தத்தை நுணுகிச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களிடம் 'ஸ்கிரப் டைபஸ்' என்ற வியாதியின் அடையாளம் இருந்தது. அது வைரஸல்ல, புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் பாக்டீரியாக் காய்ச்சல். டாக்ஸிஸைக்ளின், அஸித்ரோமைஸின் என்ற சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படக் கூடியது. ஜுரம் கண்ட முதல் சில நாட்களில் கொடுத்துவிட்டால் மூளை வரை போகவே போகாது.

இதைவிட நெஞ்சை உருக்குவது முஜப்பர்பூர்க் கதை. பீகாரில் இருக்கும் அந்த ஜில்லா, லிச்சிப் பழத்துக்குப் பேர்போனது. 1995 முதல் அங்கே மே, ஜூன் மாதங்களில், லிச்சி பழுக்கும் பருவத்தில், ஏழை வீட்டுக் குழந்தைகளை ஒரு வியாதி வாரிக்கொண்டு போயிற்று. இரவு நன்றாய்ப் படுத்துக்கொள்ளும் குழந்தை, விடியுமுன் வலிப்புக் கண்டு நினைவிழக்கும். பலது மாலைக்குள் இறந்துவிடும். ஊர் ஜனங்கள் இதைச் 'சம்கீ புகார்' என்றார்கள். (புகார் என்றால் இங்கே மனுப் போடும் புகாரல்ல, ஹிந்தியில் ஜுரம் என்று பொருள்.) திடீரென்று உடம்பு வெட்டி இழுக்கும் ஜுரம் என்பது கருத்து. ஆஸ்பத்திரிப் புஸ்தகத்திலோ இது மூளை அழற்சி என்றே பதிவாயிற்று. எனவே ஆராய வந்தவர்கள் வருஷா வருஷம் வைரஸைத் தேடினார்கள். கொசுவைப் பிடித்துப் பார்த்தார்கள். அகப்படவில்லை.

வேலூரில் நெடுங்காலம் வைரஸ் சாஸ்திரப் பேராசிரியராய் இருந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், நஞ்சியல் நிபுணர் முகுல் தாஸ் என்பவரோடு சேர்ந்து, அடிப்படையான கேள்வியைக் கேட்டார்: இது அழற்சிதானா? வைரஸையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஒருவர், 'இங்கே வைரஸ் இல்லை' என்று சொல்ல முன்வந்தது சாமானியமான காரியமல்ல. 2014-ல் அவர்கள் தங்கள் கருத்தை வெளியிட்டார்கள். அதே வருஷக் கோடையில் இந்திய, அமெரிக்க சுகாதார நிலையங்களின் நிபுணர்கள் முஜப்பர்பூரின் இரண்டு ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையாகச் சோதித்தார்கள். வந்தவர்கள் 390 பேர், இறந்தவர்கள் 122. தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் வெள்ளணுக்கள் கூடவில்லை. அதாவது யுத்தம் நடந்ததற்கு அடையாளமே இல்லை. தீ மூளவேயில்லை! ஆனால் ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்கப்பட்ட 327 குழந்தைகளில் 204 பேருக்கு அது தாழ்ந்து கிடந்தது.

நடந்தது இதுதான். லிச்சிக் கொட்டையிலும் சதையிலும், முக்கியமாய்ப் பழுக்காத காயில், ஹைப்போகிளைஸின் முதலிய சில பொருள்கள் உண்டு. ஜமெய்க்காத் தீவில் 'ஆக்கி' என்ற காயைத் தின்று வாந்தியெடுத்து இறந்தவர்களைப் பற்றி ஆராய்ந்தபோது கண்டுபிடித்த விஷம் அது. ஆக்கியும் லிச்சியும், நம் வீட்டில் பட்டுப்புடவை அலசும் பூந்திக்கொட்டையும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். வயிறார உண்ட குழந்தைக்கு லிச்சியால் தீங்கில்லை. இரவு சோறில்லாமல் படுத்த குழந்தைக்கு, விடியற்காலையில் ஈரலில் சேமிப்புத் தீர்ந்துவிடும். அப்போது உடம்பு கொழுப்பை எரித்துச் சமாளிக்கப் பார்க்கும். புதிதாய்ச் சர்க்கரை செய்துகொள்ளப் பார்க்கும். பகலெல்லாம் தோப்பில் பொறுக்கித் தின்ற லிச்சியிலிருந்த விஷம் அந்த வழியைத்தான் அடைக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை சரிகிறது. மூளைக்கு ஆகாரம் நிற்கிறது. வலிப்பு வருகிறது.

இதற்குப் பெயர் என்ஸெபலைட்டிஸ் அல்ல, 'என்ஸெபலோபதி'. வால் மட்டும்தான் வேறு. முன்னது அழற்சி, பின்னது நலிவு. ஆனால் அந்த வாலின் வித்தியாசத்தில் சிகிச்சை முழுவதும் மாறிப்போகிறது. நலிவுக்கு வேண்டிய மருந்து குளுக்கோஸ் கரைத்த நீர். அதுவும் தாமதமின்றி ரத்தத்தில் ஏற வேண்டும். தடுக்க வேண்டிய மருந்தோ இன்னும் எளியது: ராத்திரி ஒரு வேளைச் சோறு. மாலை உணவு கொடுக்காமல் குழந்தையைத் தூங்கவைக்க வேண்டாம் என்றும், லிச்சியை அளவோடு கொடுங்கள் என்றும், வந்தவுடன் சர்க்கரை அளவைப் பாருங்கள் என்றும் சொல்லி நடத்திய வருஷங்களில் வியாதி குறைந்தது. 2019-ல், கடும் வெயில் அடித்த கோடையில், மறுபடியும் சீறி எழுந்தது; 150-க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். லிச்சி வியாபாரிகள் பழத்தின் மேல் பழி போடுவதாக வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்திலும் நியாயம் உண்டு. அதே தோப்புப் பழத்தைப் பட்டணத்துக் குழந்தைகளும் தின்றார்கள்; அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

* * *

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. காய்ச்சலே இல்லாமல், அல்லது பெயருக்குச் சிறிது உடம்பு சுட்டுவிட்டு, மூளை அழன்றுகொண்டிருக்கலாம். நன்றாய்ப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று அஞ்சி நடுங்குகிறாள். இல்லாத குரலைக் கேட்கிறாள். ஓயாமல் பேசுகிறாள், பிறகு பேச்சே அற்றுப்போகிறாள். வாயைக் கோணுகிறாள், கையை முறுக்குகிறாள். நம் ஊரில் இதற்கு வேப்பிலையும் உடுக்கையும் வந்துவிடும். இன்னும் நாகரிகமான இடங்களில் மனநோய் ஆஸ்பத்திரி. 2007-ம் வருஷம் ஜோஸெப் டல்மாவ் என்ற நிபுணரும் அவருடன் உழைத்தவர்களும் இத்தகைய பெண்கள் சிலருடைய ரத்தத்தில் ஒரு புதுமையைக் கண்டார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள், வழி தவறி, மூளையின் நரம்பணுக்களையே தாக்கிக்கொண்டிருந்தது. பலருக்குக் கருப்பையருகே சூலகத்தில் ஒரு கட்டி. அதுவே அந்த உட்பகையைக் கிளப்பிவிட்டது. கட்டியை எடுத்து, எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் கொடுத்ததும், பைத்தியம் என்று கைவிடப்பட்டவர்கள் பலர் தெளிந்து எழுந்தார்கள்.

இதைச் 'மூளைக் காய்ச்சல்' என்றால் யார் நம்புவார்கள்? காய்ச்சலே இல்லையே! 'மூளை அழற்சி' என்று சொன்னால் பொருந்துகிறது. பத்திரிகைகளில் சில சமயம் 'மூளை வீக்கம்' என்றும் எழுதுகிறார்கள். அதுவும் சரியல்ல. வீக்கம் அழற்சியின் விளைவுகளில் ஒன்று. தலையில் அடிபட்டாலும் மூளை வீங்கும். விளைவின் பெயரைக் காரணத்துக்கு வைப்பது, வெள்ளத்தை மழை என்று சொல்வதைப் போன்றது.

தமிழில் இதற்கெல்லாம் சொல் கிடையாது, இங்கிலீஷிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த ஸாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர், மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் பெயர்த்துக் கொடுத்தார். 1916-ல் சேலத்தில் வக்கீலாய் இருந்த ராஜாஜி, நண்பர் வெங்கடசுப்பையருடன் சேர்ந்து, சாஸ்திரச் சொற்களைத் தமிழாக்கவென்றே ஒரு சங்கம் கண்டார். சொல்லுக்குப் பஞ்சமில்லை. பழைய வைத்தியப் புஸ்தகங்களில் 'தாபிதம்' என்றொரு சொல் அழற்சிக்கு வழங்கியதுண்டு. கேட்டாலே சூடு தெரிகிற சொல். 'அழற்சி' அதை வென்றுவிட்டது, வென்றது நியாயமே. ஆனால் இந்தச் சொல் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய தாளோடு நின்றுவிட்டது; அடுப்பங்கரைக்கு வரவில்லை. தடுப்பூசி முகாம் விளம்பரங்களிலும் 'ஜப்பானிய மூளைக்காய்ச்சல்' என்றே போடுகிறார்கள். ஜனங்களுக்குப் புரிய வேண்டுமே என்பது அவர்கள் கட்சி. புரிகிறதா என்பதே நம் கேள்வி. ஊசி போட்ட குழந்தைக்கு இரண்டு வருஷம் கழித்து வேறு காரணத்தால் உறை அழற்சி வந்தால், "மூளைக் காய்ச்சலுக்குத்தான் ஊசி போட்டோமே!" என்று தாய் கேட்கிறாள். அடுத்த குழந்தைக்கு ஊசி போடத் தயங்குகிறாள். அவள் மேல் என்ன குற்றம்? ஒரே பெயரைச் சொன்னது யார்?

அடுத்த தெருக் குழந்தையின் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் பெண்மணி, குழந்தையின் உடம்பு முழுவதையும் சாவகாசமாய்ப் பார்த்திருக்கிறாள். அக்குளில், சிகரெட்டால் சுட்டது போலச் சிறிய கறுப்புப் பொருக்கு ஒன்று இருந்ததாம். தாய்க்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை. 'ஸ்கிரப் டைபஸ்' என்று சந்தேகித்து அன்றே அதற்குரிய மருந்தை ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. நான்காம் நாள் குழந்தை தாயைப் பார்த்து இட்லி கேட்டது. இரண்டு வாரத்தில் வீடு திரும்பியது. புத்திக்கு ஒரு குறைவுமில்லை. வாய்ப்பாட்டை முன்போலவே தப்பாகத்தான் ஒப்பிக்கிறது என்று அதன் தகப்பனார் சந்தோஷமாய்ச் சொன்னார்.

நாம் பாட்டியம்மாளைச் சந்தித்து, அது மூளைக் காய்ச்சலல்ல, ஜன்னியுமல்ல, ஸ்கிரப் டைபஸ், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொத்தாது என்று விவரமாய் எடுத்துச் சொன்னோம். பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்றாள்.

"உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள்" என்றோம்.

"அப்படியானால் நாயைத் தெருவிலே விடக் கூடாது" என்றாள் பாட்டி.

கடிப்பது நாயின் மேலிருக்கும் உண்ணியல்ல, புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத வேறொரு பூச்சியின் குஞ்சு என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.